கேட்ட கரண்டு வரவில்லை

என் வலது கை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது எனக்கு முதலில் வந்தது வலி இல்லை. எரிச்சல். வேலை முடிகிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்கிற எரிச்சல். வலி அதற்குப் பிறகு வந்தது. அதை எழுதிப் புரியவைக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

கண்மாய்க்கரைக் கருப்பசாமியைக் கும்பிடுகிற நம் ஆட்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். மாசிக் களரித் திருவிழாவில் மைக்கில் சொல்லச் சொன்னார்கள். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சாட்சி சொல்கிற சிலர், கண்ணுக்கு முன்னால் ஒளி தெரிந்தது, வெள்ளைக் குதிரை தெரிந்தது என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது கிரீஸ்தான்.

என் பெயர் பால்பாண்டி. பரளச்சிக்குப் பக்கத்தில் ஊர். எங்கள் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. நான் அருப்புக்கோட்டை ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு, திருச்சுழி ரோட்டில் ஒரு ஆலையில் சேர்ந்தேன். விறகை எரித்துக் கரண்டு எடுக்கிற ஆலை. விறகு வேறென்ன, நம் காடு கரையெல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம்தான். லாரியில் வருகிற கட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, சாய்வான ஒரு பெல்ட்டில் போட்டு மேலே பாய்லருக்கு ஏற்றுவோம். பெல்ட்டின் உச்சியில் பெரிய உருளை. அந்த உருளையைச் சுற்றுவது என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் ஒரு பல்சக்கரம். அதை ஒட்டிச் சின்னப் பல்சக்கரம், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், மோட்டார். பெல்ட் நின்றால் பாய்லர் பட்டினி. பாய்லர் பட்டினி கிடந்தால் ஆபீஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் தலைவலி.

போன வருஷம் பங்குனியில், பெல்ட் முழுக்க விறகோடு ஓடிக்கொண்டிருந்தபோது பெரிய சக்கரத்தில் பல் உடைந்தது. ஒரு பல் போனால் பக்கத்துப் பல்லும் தாங்காது. சின்னச் சக்கரத்தையும் அது கடித்துக் குதறியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக இரண்டும் வந்து இறங்கின. மாற்றுகிற வேலை என் தலைமையில்.

எங்கள் என்ஜினீயர் ரம்யா மேடம். விருதுநகர்க்காரர். வயதில் என் தங்கச்சி மாதிரி. கத்தாமல் வேலை வாங்கத் தெரிந்தவர். வேலை தொடங்கும்போது கேட்டார்.

"பெல்ட்டுல இருக்க லோட எறக்கிட்டு ஆரம்பிப்போமாண்ணே?"

"எறக்குனா அரை நாள் போயிரும் மேடம். எப்பவும் போல கயித்தப் போட்டு நிறுத்திக்கிருவோம்" என்றேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். எப்போதும் அப்படித்தான் செய்துவந்தோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெல்ட் சாய்வானது. அதன் மேல் டன் கணக்கில் விறகு. பல்சக்கரத்தைக் கழற்றினால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. மொத்தப் பாரமும் உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். அதனால் உருளையில் கம்பிக் கயிற்றைச் சுற்றி, சங்கிலிக் கப்பியில் இழுத்துக் கட்டிவிட்டு வேலை பார்ப்போம். கரண்டை எலக்ட்ரீசியன் சோலைராஜ் நிறுத்திவிட்டான். பெட்டியிலிருந்து மூன்று பியூஸ் கேரியரையும் பிடுங்கி எடுத்துவிட்டான். கரண்டு இல்லாத மெஷின் செத்த மெஷின் என்பது எங்கள் நினைப்பு. பாரத்துக்குக் கரண்டு வேண்டாம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பழைய சக்கரத்தை இறக்கி, புதுசை ஏற்றி, மறுநாள் வெயில் ஏறும்போது வேலை முடிந்துவிட்டது. இடைஞ்சலாக இருந்ததால் மோட்டாரையும் வயரைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தோம். சோலைராஜ் அதைத் திரும்ப உட்காரவைத்து வயரைப் பூட்டினான்.

அதன் பிறகு சாமி காரியம். இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஆலையில் புதுச் சக்கரம் மாட்டினால் இரண்டு சடங்கு உண்டு. ஒன்று, பியூஸ் கேரியர் மூன்றையும் கருப்பசாமி காலடியில் வைத்து, விபூதி போட்டு எடுத்துவந்துதான் கரண்டு கொடுப்போம். இன்னொன்று, எலுமிச்சம்பழம். புது இரும்பு முதல் கடி கடிக்கும்போது காவு கேட்கும் என்பார்கள். அதனால் சங்கிலியைச் சிறிது தளர்த்துவோம். பெல்ட்டின் பாரம் கொஞ்சம் பின்னால் வந்து, புதுப் பல்லும் புதுப் பல்லும் முதல் தடவையாக இறுகும். அந்தக் கடிக்குப் பழம் வைக்க வேண்டும். தலைமைப் பிட்டர்தான் வைப்பார். வலது கையால் வைக்க வேண்டும். கையுறை கூடாது, தோலில் செய்த உறையை மாட்டிக்கொண்டு சாமிக்குப் பழம் கொடுப்பதா என்பார்கள். பழம் வைக்கிற வரைக்கும் சக்கரத்துக்கு மேல் மூடியும் போடுவதில்லை. இப்போது எழுதும்போது எனக்கே என்னவோ போல் இருக்கிறது. அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சோலைராஜ் பியூஸ் கேரியர்களைத் துண்டில் முடிந்துகொண்டு பைக்கில் கோயிலுக்குப் போனான். நான் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, பழத்தில் குங்குமம் தடவி, இரண்டு சக்கரமும் சேரும் இடத்தில் மேலிருந்து வைத்தேன். கப்பிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என் உதவியாள் இருளப்பன் நின்றான். நான் "விடு" என்று சொன்ன பிறகுதான் அவன் தளர்த்த வேண்டும். அவன் தளர்த்தவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. உருளையில் சுற்றியிருந்த கயிறு, கிரீஸில் நனைந்திருந்தது, தானாக வழுக்கியது.

சக்கரம் ஒரு சாண் தூரம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் பழத்தோடு உள்ளே போய்விட்டன.

வழுக்கிய கயிறு ஒரு போல்ட்டின் தலையில் மாட்டி நின்றது. அதனால் சக்கரமும் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அந்த போல்ட்டை விட்டுக் கயிறு நழுவினால் அடுத்து மணிக்கட்டு, முழங்கை, அப்புறம் ஆள். இருளப்பன் கயிற்றைத் தொடப் போனவன் தொடாமல் நின்றுவிட்டான். தொட்டால் கயிறு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மோட்டாரை முன்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினால் போதும். சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும், கை விடுபடும். கண்ணை மூடித் திறக்கிற நேர வேலை. அதற்குக் கரண்டு வேண்டும். கரண்டுக்குப் பியூஸ் வேண்டும். பியூஸ் கோயிலில் இருந்தது.

"சோலைராசுக்குப் போனப் போடுங்கடா!" என்று கத்தினேன்.

போட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டார்கள். எடுக்கவில்லை. கருப்பன் எல்லைக்குள் நாம் செருப்பும் போனும் கொண்டுபோவதில்லை. அவன் போன் பைக் பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. இந்நேரம் அவன் பாதி வழி வந்திருப்பான் என்று நினைத்து, யாரும் கோயிலுக்கு ஆள் அனுப்பவில்லை.

அப்போதுதான் நான் வேண்டினேன். உருக்கமாக வேண்டினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அதட்டுகிற மாதிரிதான் வேண்டினேன். "கருப்பா, அந்தப் பியூஸ அனுப்பு. சோலைராச வெரட்டி விடு. ஒரு தட்டுக் கரண்டு குடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கரண்டு எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, ஒரு தட்டுக் கரண்டுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ரம்யா மேடம் ஓடிவந்தார். கரண்டுப் பெட்டியடியில் நின்ற ஒருத்தன், "கம்பிய வச்சு டைரக்டா குடுத்துருவோம் மேடம்" என்றான். பியூஸ் இல்லாமலே செப்புக் கம்பியைச் செருகிக் கரண்டு கொடுப்பதை அவன் சொன்னான். அவசரத்துக்கு வெளியே பம்பு செட்டில் எல்லாம் செய்வதுதான்.

"குடுக்கச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

"வேணாம்ணே."

"கையி என்னோடது மேடம்!"

"தெரியும்ணே. வேணாம். வேற வழி பாப்போம்."

நான் அவரை அதற்கு முன்னால் ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். அதற்கு மேலும் பேசினேன். அவர் முகம் வேர்த்துக் கொட்டியதே தவிர, அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கரண்டுப் பெட்டியை மூடிவிட்டு அதற்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தினார். பிறகு கீழே விறகு ஒதுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டார்.

"காளியம்மாக்கா, பெல்ட்டுல இருக்க வெறகப் பூராம் வாரிக் கீழ தள்ளணும். பெல்ட்டு மேல யாரும் ஏறக் கூடாது. ஓரத்துல நின்னு வாருங்க. ஆட்டாம வாரணும்."

காளியம்மாள் எம்.ரெட்டியபட்டிக்காரி. பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் மூப்பு. அவளும் மற்ற பெண்களும் பெல்ட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற நடைபாதையில் வரிசையாக ஏறி நின்றார்கள். மண்வெட்டியால் இழுத்தால் பெல்ட் ஆடும். அதனால் கையால் வாரினார்கள். கருவேலம் துண்டு என்றால் முள் இல்லாமலா இருக்கும்? இருந்த உறைகள் பாதிப் பேருக்குக்கூடப் பற்றவில்லை. வாரி வாரிக் கீழே தள்ளினார்கள். ஒவ்வொரு தடவை பெல்ட் லேசாகச் சிணுங்கும்போதும் எல்லோரும் அப்படியே நின்று என்னைப் பார்ப்பார்கள். நான் கயிற்றைப் பார்ப்பேன். கயிறு போல்ட்டிலேயே இருக்கும். மறுபடி வாருவார்கள்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருளப்பன் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். மயங்கி விழுந்தால் என் எடையே கையை இழுத்துவிடும்.

"அண்ணே, பேசிக்கிட்டே இருங்க. மயங்கிராதீக" என்றாள் காளியம்மாள் மேலேயிருந்து.

"என்னத்தப் பேச?"

"எங்கள வைங்க. தெனமும் வைவீகல்ல? இன்னைக்கு மட்டும் என்ன?"

நான் வைதேன். அவர்கள் வாரினார்கள். இடையிடையே கருப்பனையும் வைதேன். "நீ இருக்கியா இல்லியா? காது அடைச்சுப் போச்சா ஒனக்கு?" என்று கேட்டேன். கோயிலுக்குக் கேட்டிருக்கும், அப்படிக் கத்தினேன்.

சோலைராஜ் வரவில்லை.

மேல்பகுதி காலியானதும் பாரம் குறைந்தது தெரிந்தது. சக்கரத்தின் இறுக்கம் லேசாக விட்டது. கீழ்ப்பகுதியையும் வாரி முடித்த பிறகு, உருளையில் வேறு ஒரு கயிற்றைப் புதிதாகச் சுற்றி இழுத்துப் பிடித்தார்கள். அதற்கப்புறம் பெரிய சக்கரத்தின் ஆரக்காலில் கடப்பாரையைக் கொடுத்து, முன்பக்கமாக மெதுவாக நெம்பினார்கள். பல் விலகியது. கை வந்தது. முழுசாக வரவில்லை. ஆனாலும் வந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும்போது அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்தேன். முள் கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் அதைத் துடைக்கக்கூட இல்லை. என் ஒரு கைக்காக அத்தனை பேர் கையும் கிழிந்திருந்தது. இந்தச் சாட்சியில் நான் அழுதபடி எழுதிய இடம் இது ஒன்றுதான்.

வண்டி கேட்டைத் தாண்டுகிற நேரத்தில் சோலைராஜ் எதிரே வந்தான். வாழை இலையில் மூன்று பியூஸ் கேரியர், மேலே விபூதி, ஒரு செவ்வரளிப் பூ. என் கையைச் சுற்றியிருந்த துண்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இப்பத்தான் வாரியாடா?" என்றேன்.

அருப்புக்கோட்டையில் முதல் கட்டுப் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளங்கையின் ஓரமும் கொஞ்சம் போயிற்று. மற்ற மூன்று விரலும் வேலை செய்யும் என்றார் டாக்டர். என் மனைவி ஈஸ்வரி சாமி விபூதியைக் கொண்டுவந்து நெற்றியில் பூச வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னங்க இது, சாமி விபூதியப் போயி வேணாம்ங்கிறீக?"

"ஒரே ஒரு தட்டுக் கரண்டு கேட்டேன் ஈஸ்வரி. வாழ்க்கையில வேற என்ன கேட்டேன்? அதையே குடுக்கல. அவர்கிட்ட எனக்கு என்ன இருக்கு இனிமே?"

அவள் விபூதிப் பொட்டலத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். நான் அதைத் தள்ளி விட்டேன். அவள் திரும்ப எடுத்து வைத்தாள். இப்படியே கொஞ்ச நாள் போயிற்று. உண்மையைச் சொன்னால், கை போனதைவிட அது எனக்குப் பெரிய நோவாக இருந்தது. சின்ன வயதிலிருந்து கும்பிட்ட சாமி, கூப்பிட்டபோது வரவில்லை என்றால் மனுஷன் எங்கே போய் நிற்பான்?

அப்புறம் ஒரு நாள் சோலைராஜ் வந்தான். வாசலிலேயே நின்றான். ஈஸ்வரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க போனதுக்கப்புறம் மேடம், கியர்பாக்ஸத் தனியாக் கழத்தி விட்டுட்டு மோட்டார மட்டும் போட்டுப் பாக்கச் சொன்னாக. போட்டேன். மோட்டாரு பின்னாடி ஓடுதுண்ணே. வயரு ரெண்டு மாறிப் போச்சு."

மூன்று வயர் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பிட்டர் தொழிலில் இது பால பாடம். நான் கேட்ட அந்த ஒரு தட்டுக் கரண்டு கிடைத்திருந்தால், சக்கரம் என் கையை வெளியே விட்டிருக்காது. உள்ளே இழுத்திருக்கும். பெல்ட்டின் பாரமும் அதே பக்கம்தான். கரண்டும் பாரமும் சேர்ந்து இழுத்திருந்தால், இப்போது இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"நீ ஏன்டா அன்னைக்கு அவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"பூசாரி இல்லண்ணே. ஆடு அடுத்தவக காட்டுக்குள்ள எறங்கிருச்சுன்னு பத்தி ஓட்டிட்டு வரப் போயிட்டாரு. விபூதி போடாமப் பியூஸ எடுத்துட்டு வரப்பிடாதுன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் அழுதான். நான் அழவில்லை. கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றுகூடப் பார்த்தேன். பிறகு ஈஸ்வரியிடம், "அந்த விபூதிய எடு" என்றேன்.

விபரம் தெரிந்த ஆட்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். பூசாரியின் ஆடு காட்டுக்குள் இறங்கியதற்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் என்று. எனக்குத் தெரியாது. ஆனால் நான் கேட்டது வராமல் போனதால்தான் நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். அது யார் வேலை என்று நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் எனக்குச் சண்டை இல்லை. இன்னும் சிலர், அவ்வளவு செய்கிற சாமி கயிறு வழுக்காமல் பிடித்திருக்கக் கூடாதா என்றார்கள். கயிற்றைப் பிடிப்பது சாமி வேலை இல்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரம்யா மேடத்திடமும் கேட்டேன், மோட்டார் பின்னால் ஓடும் என்று அப்போதே தெரியுமா என்று. "தெரியாதுண்ணே. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றார். அந்தப் பயத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. வைததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "பாதி எனக்குப் புரியவே இல்லண்ணே" என்று சிரித்தார்.

ஆடி அமாவாசைக்கு ஈஸ்வரியோடு கோயிலுக்குப் போய்ப் படையல் போட்டேன். ஆலை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பூசாரிக்குச் சாமி வந்தது. அருவாளோடு ஆடிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். கட்டுப் பிரித்திருந்த என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆலை ஆட்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எனக்கு வைக்கிற பழத்த இரும்புக்கு ஏன்டா ஊட்டுறீக?"

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கேக்குறேன்ல? நானா கேட்டேன் மெசினுக்குள்ள கைய விட்டுக் குடுன்னு?"

"இல்ல சாமி" என்றார்கள் எல்லோரும்.

நானும் மேடமும் நூறு தடவை சொல்லியிருந்தாலும் எங்கள் ஆட்கள் பழம் வைப்பதை விட்டிருக்க மாட்டார்கள். காவு கொடுக்காத மெஷின் ஆளைக் கேட்கும் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை, கண்ணால் பார்த்த பயம். சாமியே சொன்ன பிறகு பேச்சு முடிந்தது.

இப்போது எங்கள் முறை இது. சக்கரத்தில் கை வைப்பதற்கு முன்னால் பெல்ட்டில் ஒரு துண்டு விறகு இருக்கக் கூடாது. அரை நாள் போனால் போகட்டும். அதற்கு மேல் கயிறும் கட்டுவோம், பல்லுக்கு நடுவில் கட்டையும் அடிப்போம். மோட்டார் வயரைக் கழற்றினால், திரும்பப் பூட்டியதும் தனியாக ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸோடு சேர்ப்போம். அதற்குப் பியூஸ் வேண்டும் என்றால், எல்லோரும் கீழே இறங்கி வந்து நிற்க வேண்டும். எலுமிச்சம்பழம் உண்டு. அது தரையில், விறகு தள்ளுகிற வண்டியின் டயருக்கு முன்னால். நசுங்கும் சத்தம் முன்னைவிட நன்றாகவே கேட்கிறது.

பியூஸ் கேரியரும் கோயிலுக்குப் போகிறது. ஆனால் முன்பு போல வேலை முடிந்த பிறகு இல்லை. வேலை தொடங்கும்போதே போய்விடும். மெஷினில் ஆள் இருக்கிற வரைக்கும் அது கருப்பன் காலடியிலேயே இருக்கும். ஆபீஸில் பூட்டி வைத்தால் யாராவது அவசரம் என்று சாவி வாங்கிவிடுவார்கள். கருப்பனிடம் அவசரம் என்று சொல்லி வாங்க எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆள் கிடையாது. மேடம் இதைக் கேட்டுவிட்டு, புத்தகத்திலும் ஏறக்குறைய இதைத்தான் போட்டிருக்கிறார்கள், சாமிக்குப் பதிலாகப் பூட்டு என்று இருக்கிறது என்றார். நாங்கள் பூட்டும் போடுகிறோம்.

போன ஐப்பசியில் இன்னொரு பல்சக்கரம் மாற்றினோம். வேலை முடிந்ததும் ஆட்கள் அத்தனை பேரும் மெஷினை விட்டு இறங்கி வெளியே வந்து நின்றார்கள். காளியம்மாள்தான் தலை எண்ணினாள். அவள் எண்ணி முடித்துக் கையைக் காட்டிய பிறகு நான் கோயிலுக்குக் கிளம்பினேன். பியூஸ் எடுத்துவருவது இப்போது என் வேலை.

கும்பிடுகிற மக்களே, நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். கேட்டது வரவில்லை என்று சாமியை விட்டுவிடாதீர்கள். மில்லிலோ கிரஷரிலோ தறியிலோ, நீங்கள் எங்கே வேலை செய்தாலும் தைரியமாக அவரை நம்புங்கள். நம்பிவிட்டு, மெஷினில் கையை வைப்பதற்கு முன்னால் பாரத்தை இறக்குங்கள், பியூஸைப் பிடுங்குங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனை அவர் கைவிடுவதில்லை. முடிந்தால் ஒரு நாள் கண்மாய்க்கரைக்கு வாருங்கள். என்னைக் கண்டுபிடிப்பது சிரமம் இல்லை. விபூதி வாங்க வலது கையைக் குவித்து நீட்டும்போது, விரல் இல்லாத பக்கமாகப் பாதி கீழே சிந்திவிடும். பூசாரி தட்டிலிருந்து இன்னொரு பிடி அள்ளிப் போடுவார்.